நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

பொதட்டூர்பேட்டைக்குள் எங்கள் வேன் நுழையும்போது
முதலில் தெரிவது நகரி மலையின் மூக்கு.
அடுத்தது தறிச் சத்தம்.
மூக்கு வைத்தவன் மலைக்குக் காது வைக்காமல் விட்டான்,
நல்லதாயிற்று.

சுப்பராயலு கொட்டகையில் இருபத்திரண்டு தறி.
உள்ளே யாரும் பேசுவதில்லை.
டீக்குக் கட்டைவிரல். தார் தீர்ந்தால் சுழலும் ஆள்காட்டி விரல்.
முதலாளி வந்தால் மீசை.

வேனுக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு நாற்காலி.
ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்து
'சத்தம் கேட்டா அமுக்குங்க' என்பேன்.
ஏகாம்பரம் ஒன்றுகூடத் தவறவிடவில்லை.
அப்புறம்தான் பார்த்தேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என் முழங்கையைப் படித்துக்கொண்டிருந்தார்.
முப்பது வருஷம் கைகளைப் படித்தே பிழைத்தவர்.

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.
பொத்தான் சும்மா இருந்தது.

காகிதத்தில் கோடு நேராக வந்து
நாலாயிரத்தில் கிணற்றுக்குள் விழும்.
எல்லோருக்கும் அதே கிணறு, ஆழம்தான் வேறு.
பெயரை மறைத்துக் கொடுத்தாலும் சொல்வேன்:
இது பத்து வருஷம், இது இருபது,
இது நடுவரிசையில் நிற்கிறவர்.
முதலில் உள்ளே விழுவது ச. அப்புறம் த, ப.
'பப்பு போடவா' என்று பாப்பம்மா கேட்டால்
உப்பை எடுத்து நீட்டுகிறாராம்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
இரண்டாவது தடவை சொல்லும்போது சிரிக்கவில்லை.

போன வருஷம் கொடுத்த காதடைப்பான்கள்,
மஞ்சள் நிறம், கவர் பிரிக்காமல்
காலண்டர் ஆணியில் தொங்குகின்றன.
'நூல் அறுந்தா தறிதான் சொல்லும்.
அதையும் அடைச்சிட்டா?'
நியாயமான கேள்வி.
என்னிடம் இருந்தது புத்தகத்துப் பதில்.

முனிலட்சுமிக்கு இருபத்து மூன்று.
சத்திரவாடாவிலிருந்து ஷேர் ஆட்டோ, சேர்ந்து எட்டு மாதம்.
இன்றைக்கு நான் வரைந்ததில் அவள் கோடு ஒன்றுதான்
கிணற்றைத் தாண்டிப் போனது.
நுரையை விரலில் உருட்டி மெலிதாக்கி,
வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி
இடது காதை மேலே இழுத்துச் செருகி,
முப்பது எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தாள்.
அப்புறம் அடுத்த காது.
உள்ளே போனாள். நாங்கள் வாசலில்.

ஏழாம் தறியை நிறுத்தினாள்.
நூல் அறுந்திருக்கவில்லை.
அடியில் ஒரு போல்ட் தளர்ந்து அடித்துக்கொண்டிருந்தது.
'இரைச்சலுக்கு அடியில வேற சத்தம் இருக்குக்கா.'
அடைத்துக்கொண்டவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள்.
அவள் உதட்டை
நானும் படிக்க வேண்டியிருந்தது.

தறிக்காலுக்கு ரப்பர் போடச் சொல்லியிருக்கிறோம்.
தீபாவளிக்கு அப்புறம் என்றார் சுப்பராயலு.
எந்தத் தீபாவளி என்று கேட்க விட்டுப்போயிற்று.

வேன் படியில் ஏகாம்பரம் வழிமறித்தார்.
'போனது திரும்புமா?'
தலையை ஆட்டினேன்.
அதை உடனே படித்துவிட்டார்.

கொட்டகைக்குள் போய் ஆணியிலிருந்து ஒரு கவரை எடுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
காதில் இல்லை, பையில்.
ஆறு மாதம் கழித்துத் திரும்ப வருவேன்.