முப்பத்தோராம் வரிசை

கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டல்,
பின்னால் சுற்றினால் கழித்தல்.
பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால்
உள்ளே ஒரு சின்ன மணி அடிக்கும்.
ஏழு மேசை, ஏழு மணி.
அல்சூரிலிருந்து நான், மல்லேஸ்வரத்திலிருந்து பத்மாசனி,
ஃப்ரேசர் டவுனிலிருந்து நூருன்னிசா.
மற்ற நால்வரின் முகம் இருக்கிறது, பெயர் வரவில்லை.

பீரங்கியை எங்களுக்குக் காட்டியதில்லை.
காற்றின் வேகம் கொடுத்தார்கள்,
வெடிமருந்தின் சூடு கொடுத்தார்கள்,
குழல் எத்தனை டிகிரி நிமிர்ந்திருக்கிறது என்று கொடுத்தார்கள்.
குண்டு பறக்கும் ஒவ்வொரு கால் நொடியையும்
பென்சிலோடு நடந்து கடந்தோம்.
அதற்கு இருபத்தெட்டு நொடி,
எங்களுக்கு ஒன்றரை நாள்,
இரவில் தோள்பட்டைக்கு அமிர்தாஞ்சன்.

உயரம் குறைந்து குறைந்து
பூஜ்யத்தைத் தாண்டும்போது மணி அடிக்கும்.
தரை வந்துவிட்டது என்று அர்த்தம்.
அடிக்கோடு இழுத்துவிட்டு
டீ குடிக்கப் போவோம்.

பச்சை அட்டை போட்டு அச்சாகி
புத்தகம் வடக்கே போனது, அறுபத்தைந்தில்,
சண்டைக்கு ஒரு மாதம் முன்னால்.

இரண்டு வருஷம் கழித்து வந்தது கம்ப்யூட்டர்.
தூசி ஆகாதாம், செருப்பை வெளியே விட்டோம்.
பெங்களூரில் நான் நடுங்கிய முதல் மே மாதம் அது.
அதற்குப் பரீட்சை வைக்க
எங்கள் பழைய அட்டவணையையே அட்டைகளில் துளைத்தார்கள்.
வரிக்கு வரி ஒத்துப்போனது.
முப்பத்தொன்றில் மட்டும் நாற்பது மீட்டர் உதைத்தது.

"மெஷின் தோத்துது, மங்களேஸ்வரி!"
சோமையா சார் எல்லோருக்கும் மசால் தோசை சொன்னார்.
தோசை வருவதற்குள்
நான் பழுப்புத் தாள் கட்டை அவிழ்த்திருந்தேன்.
பதினேழாம் படி.
மூன்றை எட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.
கையெழுத்து என்னுடையது.
யாரிடமும் காட்டாமல் தாளை மடிக்க
ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டுச்சீட்டு அடித்தார்கள்:
பக்கம் 12, வரிசை 31,
9840 என்பதை 9800 என வாசிக்கவும்.

வாசிக்கவும்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலிலிருந்து எட்டு வைத்துப் பார்த்தேன்.
நாற்பது மீட்டர், இந்தப் பக்கம் போனால்
குழாயடி, குடங்களின் வரிசை.
அந்தப் பக்கம் சைக்கிள் கடை,
பஞ்சர் ஒட்டுகிற பையன், கடன் சொன்ன இரண்டு பேர்.

மறுநாள் நூருன்னிசாவிடம் சொன்னேன்.
அவள் கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
"சரியான நம்பர் போட்டிருந்தா
அது யார் மேல விழுந்திருக்கும்?"

அந்தக் கணக்குக்கு எங்களிடம் தாள் இல்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
குளிர் அறைக்குள் போனோம்.
புது இயந்திரத்தில் மணி கிடையாது.