நடுப்படி

வெள்ளிக்கிழமை நாலாவது பீரியட் மணிக்கு
மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு இரண்டாகும்.
ஞானோபதேசம் மாடியில்.
நீதிபோதனை கீழே,
பழைய தையல் மிஷின்கள் கிடக்கும் அறையில்.
இரண்டு பட்டியலிலும் பேர் இல்லாத பிள்ளை ஒன்று
படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்.

அது எங்கள் பிள்ளை.
ஜூன் மாதம்
விண்ணப்பத்தின் பதினோராவது கட்டத்தில்
ஜெசிந்தா பேனாவை வைத்தாள், எடுத்தாள்.
நான் வாங்கி ஒரு கோடு கிழித்தேன்.
அரசரடி சிக்னல் வரை இருவரும் பேசவில்லை.
பிறகு சிரித்தோம்,
ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட மாதிரி
ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்தோம்.

அக்டோபரில்தான் சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார்.
“எதுலயாச்சும் சேத்துவிடுங்க சார்.
எதுலன்னாலும் எனக்கு வருத்தமில்ல.
பிள்ள தனியா உக்காந்து
எறும்பு எண்ணிக்கிட்டு இருக்கு.”

எனக்கு யாரும் சாமி சொல்லிக்கொடுக்கவில்லை என்று
பெருமையடித்துத் திரிந்தவன் நான்.
பொய்.
அப்பா தினமும் சொல்லிக்கொடுத்தார்
இல்லை, இல்லை, இல்லை என்று,
செல்லூர் வீட்டின் இரும்புக் கட்டிலில்
கருப்புச் சட்டையோடு உட்கார்ந்து,
ஊரார் விளக்கு வைக்கும் அதே நேரத்தில்.
எனக்கு வைத்த பேர் சாக்ரடீஸ்.
கேள்வி கேட்கச் சொல்லி வைத்த பேர்.
ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது.

ஒன்பது வயதில்
எதிர்வீட்டுச் சோணைமுத்து குடும்பத்தோடு
அழகர் இறங்குவதைப் பார்க்கப் போய்விட்டேன்.
தலைகளுக்கு மேலே தங்கமாய் ஏதோ மின்னியது,
அவ்வளவுதான் பார்த்தேன்.
தோப்பறையில் பீய்ச்சிய தண்ணீர்
கழுத்து வழியே முதுகுக்குள் ஓடியது.
நனைந்து வந்தவனிடம் அப்பா துண்டைக் கொடுத்தார்.
அடிக்கவில்லை.
ராத்திரி பதினோரு மணிவரை பேசினார்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.
சட்டையை மட்டும் கழற்றவில்லை.

ஜெசிந்தா கதை வேறு.
ஞானஒளிவுபுரத்தில், புதுநன்மைக்கு முந்தின நாள்,
பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் பாவம் கிடைக்காமல்
தம்பி மிட்டாயைத் திருடினேன் என்று
ஒன்றை உண்டாக்கிச் சொன்னாளாம்.
அதுதான் அவள் செய்த முதல் பாவம்.
அதை இன்னும் எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை.
கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம்.
போன தையில்,
மூச்சிழுத்துக் கிடந்த அவள் அம்மாவின் கட்டிலோரம்
ஐம்பத்து மூன்று மணியும் பிசகாமல் சொன்னாள்.
“வாய் தானா சொல்லுச்சு” என்றாள்.

அந்தத் 'தானா' எனக்கு வாய்க்கவில்லை.
தத்தநேரியில் அப்பா எரிந்தபோது
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

இதில் எதை அவளுக்குக் கொடுப்பது?
பாக்கெட்டையா?

நேற்று அவளையே கேட்டோம்.
“மேலயா, கீழயா, அலர்?”
தட்டில் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கினாள்.
“மேல போனா கலர் பென்சில் குடுப்பாங்க.
கீழ கதை.
ஒரே கதை. நரி வரும், ஏமாத்தும்.
படியிலயே இருக்கேன்.
ரபீக்கு ஒன்னுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவான்.
அன்னைக்கு ஓணான் ஒன்னு செத்துக் கெடந்துச்சா,
அவன்தான் அதுக்கு ஏதோ சொன்னான்.”

“என்ன சொன்னான்?”
“தெரியல. அவங்க வீட்ல சொல்றது.
என்னையும் சொல்லச் சொன்னான்.
மேல இருந்து கேக்கும்ல,
அதுல 'விண்ணுலகில்' வரைக்கும் சொன்னேன்.
அப்புறம் வரல.
ஒம்போதாம் வாய்ப்பாடு சொன்னேன்.”

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை.
தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா புதைச்சீங்க?” என்றேன்.

“புதைக்கல. காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு.
ஆனா அதுக்குள்ள
எட்டொம்போது எழுபத்திரெண்டு வரைக்கும்
சொல்லிட்டோம்.”