மூச்சுக்கான கட்டம்

கோப்பு எண் நாற்பத்து நாலு பதினேழு.
மாம்பழம் என்று மேலே எழுதியிருக்கிறது.
உள்ளே மாம்பழம் இல்லை.
பழுப்புக் குப்பியில் இரண்டு மில்லி, நிறமற்றது.
மூடியைத் திறந்தால் மட்டும்
குவெல்ஃப் நகரத்து ஜனவரியில்
ஒரு மரம் காய்த்துவிட்டுப் போகிறது.

எத்தனையோ வருடமாக இதைத் தின்கிறார்கள்.
தயிரில், சூயிங்கத்தில், இருமல் மருந்தில்,
பிள்ளைகளின் பிறந்தநாள் ஐஸ்கிரீமில்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை,
அல்லது ஆனவர்கள் இதைச் சந்தேகிக்கவில்லை.
உணவுக்கான கட்டத்தில் எனக்கு முன்பிருந்தவர்
பச்சை அடித்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார்.

இனி இது கஞ்சா எண்ணெயில் கலந்து
பேனா அளவுக் குழலுக்குள் சூடாகப் போகிறது.
சட்டப்படி. வரி கட்டி.
பிள்ளைகள் திறக்க முடியாத மூடியோடு.
"அதே பொருள்தானே" என்கிறார் கம்பனியின் கிரெய்க் மக்கலம்
திரையில். அவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் செடி.
அதே பொருள்தான்.

அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்கும் பழமொழி
அளவைச் சொன்னது.
வழியைச் சொல்லவில்லை.

வாய் வழி போனால் வழியெல்லாம் காவல்.
நாக்கு துப்பும். வயிறு ஓங்காளிக்கும்.
அதையும் தாண்டினால் கல்லீரல் இருக்கிறது,
லஞ்சம் வாங்காத சுங்க அதிகாரி,
மூட்டை மூட்டையாய் அவிழ்த்து உடைத்துப் பார்த்தே அனுப்பும்.
மூச்சு வழி என்றால்
கதவே வைக்காத வீடு. நேரே இரத்தம்.
நாக்குக்கு ஆறு சுவை,
நுரையீரலுக்கு ஒன்றுகூட இல்லை.
வந்தது மாம்பழம் என்று அதற்குத் தெரியாது.
சூடு என்று தெரியும். இருமத் தெரியும்.

எலிகளின் அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தொண்ணூறு நாள், குழாய் வழி வயிற்றுக்குள்.
ஆண் பத்து, பெண் பத்து, பெயர் இல்லை.
எந்த அளவில் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையோ
அதை நூறால் வகுக்க வேண்டும்.
எலிக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்துக்குப் பத்து.
மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்துக்கு
இன்னொரு பத்து.
பதினோரு வருடமாக இந்தக் கணக்கைப் போடுகிறேன்.
இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது
சில நாட்களில் சிரிப்பாக இருக்கும்.
இன்று இல்லை.

இரண்டாவது பத்துக்குள் யாரையெல்லாம் அடைக்கிறேன்?
கீமோ முடிந்து, வாந்தி நிற்கட்டும் என்று இழுக்கும்
என் கட்டடத்து ஆறாம் மாடித் திருமதி வசிலென்கோ,
நித்திரைக்காக இழுக்கும் லொறிச் சாரதி,
ஆஸ்துமாவைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு
நண்பர்களோடு நிற்கும் ஒரு இருபது வயது,
இழுக்காமலே பக்கத்தில் படுத்திருக்கிறவர்கள்.
பத்தின் பூச்சியத்துக்குள்
தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள்.

மூச்சுக்கான கட்டத்தில்
தரவு இல்லை என்று எழுதினேன்.
ஹர்லீன் எட்டிப் பார்த்தாள்.
"ஆபத்து என்று சொல்ல முடியாதே?"
முடியாது.
"ஆபத்தில்லை என்று?"
அதுவும்.
அவள் தேநீர் போடப் போனாள்.

எங்கள் படிவத்தில் மூன்று நிறம்.
தெரியாது என்பதற்கு நிறம் இல்லை.
மஞ்சள் அடிக்கலாம்,
ஆனால் மாம்பழக் கோப்பில் மஞ்சளைப் பார்க்கிறவர்கள்
பழுத்துவிட்டது என்று வாசிப்பார்கள்.
வெள்ளையாகவே விட்டேன்.
ஏன் விட்டேன் என்று நாலு பக்கம் எழுதினேன்.
கிரெய்க்கிடமிருந்து மூன்று மின்னஞ்சல்,
மூன்றாவதில் வணக்கம் இல்லை.

ஆறே கால். பஸ் நிறுத்தம். மைனஸ் பதினெட்டு.
இந்தக் குளிரில் யார் மூச்சும் வெள்ளைதான்,
எது புகை எது மூச்சு என்று பிரிக்க முடியாது.
எனக்கு முன்னால் நின்றவன்
பஸ் வருகிறதா என்று திரும்பி ஊதினான்.
கோப்பு எண்ணும் வெப்பமும் எலிகளும்
நினைவுக்கு வருமுன்
எனக்கு
வாய் ஊறிவிட்டது.