ஆறு எஃப்

கண்ணங்குறிச்சி மாடியறை. இரவு பதினொன்று பத்து.
மேலே சுற்றும் ஃபேனைவிட
லேப்டாப்பின் ஃபேன் சத்தம்.
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி மில்லுக்குப்
பதினொரு பக்கத்தில் ஒரு இணையதளம்.

மாலையில் அர்த்தநாரி கூப்பிட்டார்.
“எல்லாம் நல்லாருக்குங்க. அந்த வெள்ளைதான்.
அது மருந்து போட்ட வெள்ளை.
நம்ம சரக்கு அப்படி இருக்காதுங்களே.
பார்க்கிற வியாபாரி என்ன நினைப்பான்?”

திறந்து பார்த்தேன். ஆறு எஃப்.
திரையால் முடிந்த அத்தனை வெளிச்சம்.
இரண்டாயிரத்துச் சொச்சம் வரியில்
நூற்றுப் பதினேழு இடத்தில் அதே ஆறு எஃப்.
எண்ணியிருக்கக் கூடாது.

ஒன்றொன்றாய் மாற்றலாம். மாற்றியிருக்கிறேன்,
போன வருஷம், வேறொருவருக்கு, ஒரு பச்சையை.
மூன்று இடம் விட்டுப்போய்
அந்தப் பழைய பச்சை
இன்னும் அங்கே முளைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே சாஸ்.
நிறுவச் சொன்னேன், நிறுவியது.
லோடர் ஒன்று கேட்டது, கொடுத்தேன்.
அந்த லோடருக்கு இந்த வெப்பேக்கைப் பிடிக்கவில்லை.
பதிப்பை இறக்கினேன்.
இறக்கியதும் இன்னொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது,
பந்தியில் பாயசம் வராத சம்பந்தி மாதிரி.

பிறகுதான் தெரிந்தது:
லோடர் வரிசை பின்னாலிருந்து ஓடும்.
கடைசியில் எழுதியதற்கே முதல் வேலை.
கிழங்கு எந்த வாசலில் நுழைகிறதென்று கேட்காமல்
மூட்டை கட்டும் பக்கமாகவே
மில்லை ஒன்றரை மணி நேரம் தட்டியிருக்கிறேன்.

அன்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்.
கழுவி, தோலுரித்து, அரைத்து,
பால் தொட்டியில் மாவாய் அடங்கி,
குலுக்கக் குலுக்க உருண்டு, தட்டில் வறுபட்டு,
களத்தில் காய்வது வரைக்கும்.
பாயசம் குடிப்பவர் கிழங்கைக் கேட்பதில்லை.
ப்ரௌசரும் அப்படித்தான்.

வரிசையைத் திருப்பினேன். இன்னும் சிவப்பு எழுத்து.
மொட்டைமாடிக்குப் போய் நின்றேன்.
ஏற்காட்டு ரோட்டில் ஒரே ஒரு லாரி,
மறைந்து, தெரிந்து, மறைந்து.
அங்கே ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் ஒரு பலகை,
இருபதில் இத்தனையாவது என்று.
என் அடைப்புக்குறிகளுக்கு யார் பலகை நட்டார்கள்?
மெனுவுக்குள் பட்டியல், பட்டியலுக்குள் வரி,
வரிக்குள் இணைப்பு,
இணைப்புக்குள் அம்பு வந்தால் மாறும் நிறம்.
ஐந்து வளைவு ஏறி
நான்குதான் இறங்கியிருக்கிறேன்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து
ஐந்தாவதை மூடினேன்.

நிறங்களை ஜெசிந்தா மலைமேலிருந்து அனுப்பியிருந்தாள்,
எண்ணுக்கு முன்னால் ஒரு பெயரோடு:
பகோடா முனை மூடுபனி.
அஞ்சு ரோடு சிக்னல்.
பறிக்க மறந்த காப்பிப்பழம்.
அவற்றின் கீழே நானும் ஒன்று சேர்த்தேன்,
களத்து ஜவ்வரிசி:
எஃப் ஐந்து, எஃப் பூஜ்யம், ஈ மூன்று.

இரண்டு நாற்பதுக்கு ஓடியது.
பதினொரு பக்கமும் ஒரே நேரத்தில்
லேசாய்ப் பழுத்தன.

வெளியே வந்த கோப்பைத் திறந்தேன்.
இடைவெளியில்லாத ஒரே வரி.
மூடுபனி இல்லை. சிக்னல் இல்லை.
காப்பிப்பழத்துக்குப் பதில் ஆறு எழுத்து.
எங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள்
எங்களுக்குள்ளேயே தங்கிவிட்டன.

அந்தத் தைரியத்தில்
இரட்டைச் சாய்கோடு போட்டு எழுதிவைத்தேன்:
‘ஜெசி, இதை வெளுக்காதே. அர்த்தநாரி சண்டைக்கு வருவார்.’
அதுவும் மில்லைத் தாண்டாது.

காலை எட்டுக்குப் போன்.
“இப்பத்தான் நம்ம சரக்குங்க.
ஆனா அந்தச் சிவப்பு…”

“சொல்லுங்க” என்றேன்.
டீயைக் கீழே வைக்கவில்லை.