அமத்திப் பிடி

முதலில் பின் இடது சில்லு.
எண்ணெய்த் தொட்டிக்கு ஆகத் தூரத்தில் இருப்பது அதுதான்;
தூரத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.
மீன்தொட்டிக் கடையில் வாங்கிய குழாய்,
கால்வாசி எண்ணெயோடு ஒரு ஜாம் போத்தல்,
எட்டாம் நம்பர் ஸ்பானர்,
சொட்டினால் பெயின்ட்டைத் தின்னும் என்பதால்
ஒரு வாளி தண்ணீர்.
ஸ்டியரிங்கின் பின்னால்
செருப்பைக் கழற்றிவிட்டு நீ.

"அமத்து."
"அமத்தினன்."
"பிடி. விடாத."
அரைச் சுற்றுத் திருகுகிறேன்.
"போகுது... போகுது... அடியில முட்டிட்டுது."
பூட்டுகிறேன்.
"இப்ப விடு."

பிளேன்டீ நிறத்தில் பழைய எண்ணெய்,
இடையிடையே கடுகளவு குமிழிகள்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கே
இந்தச் சொற்கள் இப்போது மனப்பாடம்.
மேல்மாடி பிலோமினாவின் மகன்
தன் மூன்று சில்லுச் சைக்கிளை அதட்டுகிறான்:
விடாத, விடாத.

பிழை என்னுடையது.
சனிக்கிழமை முன் சில்லுக்குக் குழாய் மாற்றும்போது
லீசிங் கொம்பனியின் கோல்.
தவணை பிந்தியதற்கு நான் காரணம் சொல்லி முடிப்பதற்குள்
தொட்டி வற்றி
காற்றைக் குடித்துவிட்டது கார்.

ஞாயிறு. விவேகானந்தா மேட்டு இறக்கம்.
மிதித்தேன்.
ஊறின பாணை மிதித்ததுபோல் கால் கீழே போனது.
முன்னால் பாண்காரனின் ஓட்டோ, அதன் ஓயாத மெட்டு,
கண்ணாடிக்குள் சீனிச்சம்பல் பணிஸ்கள்
ஒவ்வொன்றாய் எண்ணக்கூடிய கிட்டத்தில்.
கைப்பிறேக்கை இழுத்தேன்.
ஒரு முழம் மிச்சம்.

நீ கத்தினாய்.
ஐயோ இல்லை. அம்மா இல்லை.
என் பெயரும் இல்லை.
"சேந்தன்!" என்றாய்.

பன்னிரண்டு வருசம் உன்னோடு.
சேந்தன் என்று யாரையும் எனக்குத் தெரியாது.

பாண்காரன் இறங்கி வந்து சிங்களத்தில் ஏசினான்.
நான் மன்னிப்புக் கேட்டேன்.
நீ இரண்டு பணிஸ் வாங்கி
சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாய்.

பிறகு மூன்று இரவு, நாலு சில்லு, இரண்டு லீற்றர்.
குமிழி வருவது நின்றுவிட்டது.
பெடல் மட்டும் இளகியபடியே.
அமத்து, பிடி, விடு:
அந்த மூன்றுக்கு வெளியே
நாங்கள் பேசியது சோறு போடவா என்பது மட்டும்.

வியாழன், பஞ்சிகாவத்தையில் இருந்து றிஸ்னி வந்தான்,
வயர் சுற்றிய ஸ்கேனர் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
"அண்ணன், காத்து ஏ.பி.எஸ். பெட்டிக்குள்ள கெடக்கு.
நீங்க எவ்வளவு மிதிச்சாலும் அந்தக் கதவு தொறக்காது.
சறுக்கினாத்தான் தொறக்கும்.
சறுக்குதுன்னு அதுக்கு ஒரு பொய் சொல்லணும்."

ஜாக்கியில் அசையாமல் நின்ற காருக்கு
அவன் பொய்யை அனுப்பினான்.
கர்ரென்று நடுங்கியது பெட்டி.
உள்ளங்காலில் பெடல் துடிக்க
நீ கூசிச் சிரித்தாய்,
இந்தக் கிழமையின் முதல் சிரிப்பு.
கீழே நான் குழாயைப் பார்த்தபடி.
தெளிந்த எண்ணெய்,
தெளிந்த எண்ணெய்,
பிறகு ஒன்று,
பயறளவில், தயங்கி,
வளைவில் கொஞ்சம் நின்று யோசித்து
போத்தலுக்குள் போய் உடைந்தது.
சத்தமே இல்லை.

"வந்ததோ?" என்றாய் மேலிருந்து.
"வந்திட்டுது."
றிஸ்னிக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
அவன் ஸ்கேனரைச் சுற்றி வைக்கும்போது
இன்னொன்று கேட்கலாமா என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.

வெள்ளி காலை, மழை விட்ட கையோடு
புளூமெண்டால் வீதியில் ஆளில்லாத துண்டு.
நாற்பதில் போய்
ஒரே மிதி.
கல்லில் பட்டதுபோல் நின்றது கால்;
பெட்டி உறுமி, பாதத்தைப் படபடவென்று தட்டியது;
ஈரத்தில் வழுக்காமல், நேராக, நின்றோம்.

உன்னைப் பார்த்தேன்.
ஒரு கை டாஷ்போர்டில்.
வாய் இறுக மூடியிருந்தது.
"சரியோ இப்ப?" என்றாய், கொஞ்சம் பிந்தி.
"சரி," என்றேன்.

டிக்கியில், இன்னும் கொட்டாத ஜாம் போத்தல்
உருண்டு வந்து
எங்கள் முதுகுப் பக்கம் முட்டி
நின்றது.