ஊசி ஏறும்வரை

நானுஓயாவில் விடியுமுன் விழித்திருப்பது
ரயிலும் நானும்தான்.
இன்று புல்லின்மேல் உப்புக் கொட்டினாற்போல உறைபனி.
கராஜ் பூட்டு விரலைக் கடிக்கிறது.

உள்ளே, தார்ப்பாய்க்குக் கீழே,
கொழும்புக்காரரின் மஞ்சள் வண்டி.
ஞாயிற்றுக்கிழமை ஏற்றப் பந்தயம்.
ராத்திரி பதினொன்றரைக்குத்தான்
புது டர்போவை மாட்டி முடித்தேன்.

பழையதைக் கழற்றியபோது
தண்டு நீலம் பாரித்திருந்தது.
பேரிங், கரண்டியால் சுரண்டிய அடிப்பிடித்த பானை.
மலையில் ஓடித் தேய்ந்ததல்ல அது.
நின்ற இடத்தில், குளிரில்,
சாவி திருப்பிய மறுநொடியே மிதித்த மிதி.

அந்தத் தண்டை எதுவும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை.
குண்டு இல்லை, பல் இல்லை,
மயிரிழையிலும் மெல்லிய ஒயில்தான் அதற்குத் தொட்டில்.
நிமிடத்துக்கு லட்சம் சுற்று, அதன்மேல் மிதந்தபடி.
இரும்பை இரும்பு தொடாதவரை வேகம்.
தொட்டால் செலவு.

ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில்
ஒயிலெல்லாம் அடிச்சட்டியில் இறங்கிப் படுத்துவிடும்.
இந்தக் குளிருக்கு அது கித்துள் பாணி.
பம்ப் அதைத் தட்டி எழுப்பி,
வடியை நிரப்பி, தலைக்கு ஏற்றி,
வெற்றிலைக் காம்பளவு குழாய் வழியே
கடைசியாகத்தான் டர்போவுக்கு அனுப்பும்.
எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாய் அப்படித்தான்:
பன்னிரண்டாம் காம்பராவில் சொட்டத் தொடங்கும்போது
முதலாம் காம்பராவில் தலை துவட்டிக்கொண்டிருப்பார்கள்.

நேற்றே புதுத் தண்டுக்கு
மருந்து ஏற்றும் ஊசியால் ஒயில் விட்டு
சுண்டுவிரலால் சக்கரத்தைச் சுற்றினேன்.
முதலில் முரண்டு. பிறகு வழுக்கு.
விரலை எடுத்த பின்னும்
நிற்க மனமில்லாமல் சுற்றியது.
அது போதாது.

ஆறரைக்கு வந்தார் ருச்சிர சேர்.
கம்பளித் தொப்பி, கையில் பிளாஸ்க்.
"ஸ்டாட் பண்ணு, சந்தனம்."

பெற்றோல் பம்பின் பியூஸைப் பிடுங்கிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
அவர் காணவில்லை.
சாவியைத் திருப்பினேன்.
தீ இல்லாமல் சுழலும் எஞ்சின்,
தூக்கத்தில் இருமுகிறவன் மாதிரி.
பத்து நொடி. நிறுத்தினேன். மறுபடி பத்து.
"என்ன, செத்துப்போச்சா?"
ஊசி பூச்சியத்தில்.
"இதுக்கா இவ்வளவு காசு?"
நான் ஊசியையே பார்த்தபடி.
மூன்றாம் தடவை அது நடுங்கியது,
அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்தவள்போல
சட்டென்று எழுந்து, ஒன்றைக் கடந்து நின்றது.

பியூஸ் அதன் இடத்துக்குப் போனது.
ஒரே பிடியில் எழும்பியது எஞ்சின்.
சேர் சிரித்துக்கொண்டே என்னை இறக்கிவிட்டு ஏறினார்.
கால் பெடலைத் தேடியது.
நான் கதவுக்குள் கையை நீட்டி
அவர் முழங்காலில் வைத்தேன்.
பதினேழு வருஷத்தில் கார்க்காரர் எவரையும் தொட்டதில்லை.
வெள்ளைக் காற்சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.
"முப்பது எண்ணுங்க, சேர்."

கறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
எக்காய், தெக்காய், துனாய்
என்று வாய்க்குள் தொடங்கினார், பள்ளிப் பிள்ளைபோல.

எதிர்ச் சரிவில் பெரட்டு கலைந்து
கொழுந்துச் சாக்கோடு பெண்கள் ஏறுகிறார்கள்.
மூன்றாவதாக என் பவளமணி.
முதல் நூறு அடிக்கு அவள் மூட்டு கரகரக்கும்,
பிறகு சரியாகிவிடும் என்பாள்.
தைலப் போத்தல் வீட்டில், என் தலையணைப் பக்கம்.

இருபத்திரண்டில் எண்ணிக்கை தவறி
பதினெட்டிலிருந்து மறுபடி தொடங்கினார் சேர்.
நான் திருத்தவில்லை.

வளைவு தாண்டியதும் டர்போவின் விசில்,
சுத்தமான விசில், மலையில் பட்டுத் திரும்பியது.

மத்தியானம் சூட்டோடு வந்து நிற்பார்.
உடனே அணைக்காமல் ஒரு நிமிடம்
சும்மா ஓடவிடச் சொல்லவேண்டும்.
எப்படிச் சொல்வது?
ஒரு நாளைக்கு ஒரு முழங்கால்தான் தொடலாம்.