தண்டவாளத்துக்குக் காது கொடுக்காத டயர்

பக்கவாட்டு ரப்பரில் மூன்றே இலக்கம்: 479.
நாற்பத்தேழாம் வாரம். கடைசி ஒன்பது
எழுபத்தொன்பதா, எண்பத்தொன்பதா,
ரப்பர் சொல்லாது.
பிளாஷெனா ஒரு வெடிப்பை நகத்தால் கீறினாள்.
நகம்தான் தேய்ந்தது.
"இது டயர் இல்லை, விறகு."

எண்பத்தொன்பது என்றே வைத்துக்கொண்டேன்.
அந்த வாரம் இதே பிர்னோவில்
சதுக்கம் கொள்ளாத கூட்டம்.
சாவிக்கொத்துகளைத் தலைக்குமேல் தூக்கிக் குலுக்கினார்கள்.
எனக்கு ஒன்பது வயது.
வீட்டுச் சாவி அப்பாவிடம். என்னிடம் இருந்தது
தபால்பெட்டிச் சாவி, ஒற்றைச் சாவி.
எவ்வளவு குலுக்கியும் சத்தமே வரவில்லை.

அப்போதும் எங்கோ ஒருவர்
கொதிக்கும் அச்சைத் திறந்து
இந்த வட்டத்தை வெளியே எடுத்து
அடுத்ததை உள்ளே வைத்திருக்கிறார்.
அரசாங்கம் சரிந்த வாரத்திலும்
அச்சில் வார எண்ணை மாற்ற
மறக்கவில்லை அவர்.

ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஜாவா, பீட்ரூட் சிவப்பு.
விராதிஸ்லாவ் பிரிந்து போனபோது
நாயையும் நல்ல சோபாவையும் கொண்டுபோனான்.
ஓடாது என்று இதை விட்டுப்போனான்.
கார்புரேட்டருக்குள் ஒரு குளவிக்கூடு.
அவ்வளவுதான்.

ஹைனெக் எங்கள் கிளப்பின் நடுவர்.
முன்சக்கரத்துக்கு நெடுக ஓடும் நான்கு வரி,
அன்று தொழிற்சாலை போட்டது அதுதான் என்றார்.
குறுக்கே ஒரு வெட்டு இருந்தாலும்
இரண்டு மதிப்பெண் போய்விடுமாம்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
பெட்ரோல் டாங்க்கைப் பார்த்தே சொன்னார்.

பிளாஷெனா தரையில் மூன்றைப் பரப்பினாள்.
முதலாவது, ஹைனெக் சொன்ன வரி டயர்.
"உன் காலத்துக்கும் தேயாது. மழையில் சோப்பு."
இரண்டாவதில் வெள்ளைப் பட்டை.
கல்யாணத்துக்கா போகிறேன்?
மூன்றாவது, அதே மூன்றேகால், அதே பத்தொன்பது,
ஆனால் புதுக் கலவை, சாய்வான வெட்டுகள்.
கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பியது.
விலை ஒன்றரை மடங்கு.
சீக்கிரமே தேயும் என்பதையும்
அவளே சொன்னாள்.

பிறகுதான் கேட்டாள்: "எந்த ரோட்டில் ஓட்டப்போகிறாய்?"
அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

நான் டிராம் ஓட்டுபவள். பதினேழு வருஷம்.
திருப்புவதற்கு எனக்குச் சக்கரம் கிடையாது.
போ, நில்:
இரண்டே சொல் உள்ள மொழி.
எங்கே என்பதை இரும்பைப் பற்றவைத்தவர்கள்
எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து
ஒரு மழைநாளில் பார்த்தேன்.
மஞ்சள் ஹெல்மெட் பையன், பழைய வண்டி, ஒல்லியான முன்சக்கரம்.
டயரில் நெடுக வரி, தரையில் நெடுகப் பள்ளம்.
ஊர்விட்டு ஊரில் சந்தித்த உறவுக்காரர்கள்போல
ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன.
ஹேண்டில் இடதுபக்கம் திரும்பியது,
வண்டி தண்டவாளத்தோடு போனது.
மணலைக் கொட்டி பிரேக் அழுத்தினேன்.
ஒரு கை தூரத்தில் நின்றது என் நாற்பது டன்.
எழுந்தான், ஹெல்மெட்டைத் துடைத்தான்,
மன்னிக்கவும் என்றான்.
என்னிடமா, வண்டியிடமா, தெரியவில்லை.

"மூன்றாவது."
"ஹைனெக்?"
"அந்த இரண்டு மதிப்பெண்ணை அவரே வைத்துக்கொள்ளட்டும்."

ரிம்மின் துருவைத் தேய்த்து, டியூபில் பவுடர் தூவி,
அம்புக்குறி முன்னோக்கி இருக்கிறதா என்று
இரண்டு தடவை பார்த்து
நெம்புகோலால் விளிம்பை உள்ளே தள்ளினாள்.
முழங்கைவரை வெள்ளை.
"பழையது வேண்டுமா?"
வேண்டாம்.
479 குவியலில் போய் விழுந்தது.
தபால்பெட்டிச் சாவியளவு சத்தம்கூட இல்லை.

புது டயரில் அச்சின் வழவழப்பு போகும்வரை,
முதல் நூறு கிலோமீட்டர், சாய்க்காதே என்றாள்.
ஏழாவது கிலோமீட்டரிலேயே டிராம் சந்திப்பு.
தூறல். வெள்ளிபோல் ஈரத் தண்டவாளம்.
பின்னால் என் டிப்போ ஆள் யாரோ
அடையாளம் கண்டு மணி அடித்தார், இரண்டு முறை.
குறுக்காகக் கடந்தேன்.
தண்டவாளம் கூப்பிட்டது.
டயர் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.
அடுத்த சிவப்பு விளக்குவரை
நான்தான் மூச்சு விடவில்லை.